பண்டத்தரிப்பு டொக்டரும் ஓதிய தண்ணீரும்

பண்டத்தரிப்பு என்றதும் யாழ்ப்பாண வரலாறு படித்தவர்களுக்கு டொக்டர் ஜோன் ஸ்கடரின் நினைவுதான் வரும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அவர் 1820இல் இங்கே குடியேறி மருந்து கொடுக்கத் தொடங்கினார். 1836இல் சென்னைக்குப் போனார். 1847இல் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். இவர்களின் கடிதங்களும் அறிக்கைகளும் பத்திரமாக இருக்கின்றன. அதனால் இப்பகுதியின் மருத்துவ வரலாறும் பெரும்பாலும் அவர்கள் பக்கத்திலிருந்தே எழுதப்படுகிறது.

ஊர்ச்சனம் ஒருவரை மட்டும் நம்பி இருக்கவில்லை. முறிவு நெரிவுக்குப் பரியாரி, பாம்புக்கடிக்கு விஷகடி வைத்தியர், அம்மாள் வருத்தத்துக்கு வேப்பிலை. பிள்ளை பயந்து வீரிட்டு அழுதால் பார்வை பார்க்க வேண்டும். அதற்குச் சைவக் குடும்பங்களும் பள்ளிவாசலுக்கு வந்து, லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிப் போகும் என்று என் உம்மம்மா சொல்லுவா.

ஜாவாத் தீவிலும் கதை இதுதான். அங்கே வைத்தியரை 'டுக்குன்' என்பார்கள். பிரசவம் பார்க்கும் டுக்குன் வேறு, உடம்பு பிடித்துவிடுபவர் வேறு, சூனியம் எடுப்பவர் வேறு. குளிர்ந்து வயிறு ஊதினால் 'மாசுக் அங்ஙின்', அதாவது காற்று உள்ளே புகுந்துவிட்டது. நாங்கள் வாய்வு என்கிறோம். ஆவி தீண்டினால் 'கெசம்பெட்'. எங்கள் பக்கத்தில் முனி அடிச்சது. மற்றவர் ஏவிவிட்டது 'சந்தெட்'. எங்களுக்கு அது செய்வினை.

ஆனால் அவர்களிடம் ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன. ஜாவா மொழியை அரபு எழுத்தில் எழுதும் 'பெகோன்' எங்கள் அரபுத்தமிழுக்கு உடன்பிறப்பு மாதிரி. 'பிரிம்பொன்' என்ற குறிப்பேடுகளில் நாட்பலன், கனவுப்பலன், மருந்து, மந்திரம் எல்லாம் கலந்து கிடக்கும். அவை அச்சிலும் வந்துவிட்டன. 'ஜாமு' எனும் மூலிகைப் பான மரபை 2023இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இங்கே 'பரராசசேகரம்' அச்சேறியது. எங்கள் லெப்பைமாரின் கொப்பிகள்? உம்மம்மாவின் வாப்பா எழுதிய கொப்பி ஒன்று தகரப் பெட்டிக்குள் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பெட்டி வீட்டோடு போயிற்று. புத்தளத்தில் உம்மம்மாவுக்கு ஓதல் முழுக்க ஞாபகம் இருந்தது. கூடக் கொடுக்கும் கசாயத்தில் வேர்க்கொம்பு எவ்வளவு, சீரகம் எவ்வளவு என்பதுதான் பிடிபடவில்லை.

நோயாளியை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மறித்துக் காசு பறிக்கிற தாயத்துக்காரருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கண்ணேறு உண்மை என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள்தான் மருந்து தேடவும் சொன்னார்கள். ஆனால் ஷிர்க் என்ற பயத்தில் பழைய கொப்பியை அப்படியே நெருப்பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இசுமுச் சதுரம் போட்ட தாளின் மறுபக்கத்திலேயே காய்ச்சல் கசாயத்தின் அளவும் எழுதியிருக்கக்கூடும். எரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.