கல்யாண் வழியே வந்த இரு தொழில்திறன்கள்: மும்பைத் தமிழரின் சுருக்கெழுத்தும் தோல்பதனிடலும்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், முசிறியையும் சோழநாட்டுத் துறைகளையும் குறிப்பதனால் தமிழாய்வாளர்க்கு நன்கு அறிமுகமானது. அந்நூல் மேலைக் கடற்கரையில் ‘கல்லியேனா’ என்னும் ஊரையும் சுட்டுகிறது. ஒரு காலத்தில் முறையான வணிகத்துறையாக விளங்கிய அவ்வூரில் பின்னர்த் தடைகள் ஏற்பட்டன என்றும், தவறி அங்கு வந்துசேரும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பரிகாசாத் துறைக்கு அனுப்பப்பட்டன என்றும் அது கூறுகிறது. அந்தக் கல்லியேனாவே இன்றைய கல்யாண். கன்ஹேரிக் குடைவரைக் கல்வெட்டுகளில் கொடையாளராக வரும் வணிகர் பலர் இவ்வூரினரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்யாண் மறுபடியும் ஒரு வாயிலாயிற்று; இம்முறை கடலால் அன்று, இருப்புப்பாதையால். 1853 ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாய்க்கும் தாணேக்கும் இடையே ஓடத் தொடங்கிய தொடர்வண்டி, அடுத்த ஆண்டு மே மாதத்தில் கல்யாணை எட்டியது. அங்குப் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை வடகிழக்கே தால் கணவாய்க்கும், மற்றொரு கிளை தென்கிழக்கே போர் கணவாய்க்கும் சென்றன. 1863இல் போர் கணவாய்ப் பாதை திறக்கப்பட்டது. 1871இல் இராய்ச்சூரில் சென்னை இருப்புப்பாதையோடு அது இணைந்தது. இதன் பின்னர்ச் சென்னையிலிருந்து குண்டக்கல், இராய்ச்சூர், சோலாப்பூர், புனே வழியாகப் பம்பாய் சென்ற தமிழர் அனைவரும் கல்யாணைக் கடந்தே நகருக்குள் நுழைந்தனர். திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டவர் மீட்டர் பாதை வண்டியில் சென்னை வந்து, அகலப்பாதை வண்டிக்கு மாறவேண்டியிருந்தது. இரண்டு இரவுகளுக்குக் குறையாத பயணம் அது.

அவ்வண்டியில் வந்தவர்களுள் இரு பிரிவினர் இங்கு ஆராயப்படுகின்றனர். ஒருவர் கூரிய பென்சிலோடு வந்து மாதுங்காவில் இறங்கினார். மற்றவர் தோல் சீவும் கத்தியைப் பிடித்துப் பழகிய கைகளோடு வந்து தாராவியை அடைந்தார். இருவர்க்கும் நிலமில்லை, முதலில்லை, அந்நகரின் மொழியும் இல்லை. பம்பாயில் எளிதிற் கிடைக்காத ஒரு தொழில்நுணுக்கம் மட்டும் இருவரிடமும் இருந்தது. மும்பைத் தமிழர் வரலாறு எழுதப்படும்போது இவ்விருவரும் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கப்படுவதே வழக்கம். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே ஓர் இருப்புப்பாதை அளவே தொலைவு என்பதை நோக்க, இப்பிரிப்பு பொருத்தமாகத் தோன்றவில்லை.

மெய் எழுதி உயிர் விடுதல்

ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்து முறையை 1837இல் இலண்டனில் வெளியிட்டார். எழுத்துக் கூட்டலைப் பின்பற்றாமல் ஒலியைப் பின்பற்றுவது அம்முறையின் அடிப்படை. இதில் தமிழிலக்கணம் பயின்றோர் கருதத்தக்க இரண்டு கூறுகள் உள்ளன. பகர ஒலியின் வலிந்த வடிவை மெல்லிய கோடாகவும், அதன் ஒலிப்புடைய வடிவைத் தடித்த கோடாகவும் பிட்மன் அமைத்தார். தகர, ககரங்களுக்கும் அவ்வாறே. தமிழ் நெடுங்கணக்கில் இவ்விரண்டற்கும் வெவ்வேறு வரிவடிவம் இல்லை. ஆகவே, தன் எழுத்து வேறுபடுத்தாத ஒன்றைத் தமிழ் மாணவன் பென்சில் முனையின் அழுத்தத்தால் வேறுபடுத்தக் கற்கவேண்டியிருந்தது. மற்றொன்று, பிட்மன் முறையில் மெய்யொலிகளே கோடுகளாகும். உயிரொலிகள் அருகில் இடப்படும் புள்ளிகளும் சிறு கீற்றுகளுமே. விரைந்து எழுதுவோர் அவற்றைப் பெரும்பாலும் இடுவதில்லை. உடலை எழுதி உயிரை நினைவுக்கு விட்டுவிடும் எழுத்து அது! மெய், உயிர் என்று பெயரிட்ட மரபில் வந்தவர்க்கு இக்கலை கைவந்ததில் வியப்பில்லை என்று சொல்லத் தோன்றினும், அது நயமாகுமே அன்றிச் சான்றாகாது. உண்மைக் காரணங்கள் வேறு.

சென்னை மாகாணத்தில் ஆங்கிலக் கல்வி முன்னரே வேரூன்றியிருந்தது. அக்கல்வியை முதலில் பற்றிக்கொண்ட பார்ப்பனக் குடும்பங்கள் தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காட்டுச் சிற்றூர்களிலிருந்து நகர்ப்புறம் பெயர்ந்துகொண்டிருந்தன. அரசு அலுவல்கள் எண்ணிக்கையில் சில. பட்டம் பெற்றோர் பலர். 1921இல் பிறப்பிக்கப்பட்டு 1927இல் செயலுக்கு வந்த வகுப்புவாரி ஆணை இந்நெருக்கடியைக் கூட்டியது எனலாம். ஆயினும் அது ஒன்றே காரணமன்று. ஆணைக்கு முன்பே பம்பாய்ப் பயணம் தொடங்கிவிட்டது. சிறு நகரங்கள் தோறும் தோன்றிய தட்டச்சுப் பயிலகங்களும் அரசு நடத்திய தொழில்நுட்பத் தேர்வுகளும் இத்திறனுக்கு ஒரு முத்திரையை அளித்தன. தட்டச்சில் நிமிடத்திற்கு 30 சொல் அடித்தால் ‘லோயர்’, 45 அடித்தால் ‘ஹையர்’. சுருக்கெழுத்தில் 120 சொல் உயர்நிலை. பம்பாய் மேலாளர் ஒருவர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டத்தின் தரம் தெரியாமலிருக்கலாம். நிமிடத்திற்கு 120 என்பது எவர்க்கும் விளங்கும்.

சுருக்கெழுத்தாளன் வெறும் எழுத்தனாக நில்லாத இடங்களும் உண்டு. விவேகானந்தரின் சொற்பொழிவுகள் பல இன்று நமக்குக் கிடைப்பதற்கு ஜே. ஜே. குட்வின் என்னும் ஆங்கிலச் சுருக்கெழுத்தாளரே காரணம். 1895 முதல் அவருடன் இருந்த குட்வின் 1898இல் உதகையில் இறந்தார். மறுபுறம், வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோர் மீதான 1908ஆம் ஆண்டு வழக்கில், மேடையில் பேசப்பட்ட தமிழ், காவலர் குறிப்புகளின் வழியாகவே நீதிமன்றம் ஏறியது. சுதேசிக் காலச் சொற்பொழிவுக்கும் தமிழ்ச் சுருக்கெழுத்தின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பெர்னார்ட் பேட் 2012இல் ஆராய்ந்து எழுதியுள்ளார். மலாயாவில் பணியாற்றிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசைப்பலகையை வகுத்ததும் இவ்வலுவலகப் பண்பாட்டின் ஒரு விளைவே.

பம்பாயில் இவர்கள் குடியேறிய மாதுங்கா, 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த புதிய குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. அடுக்குமனை வாழ்வு தென்னிந்தியரை எவ்வாறு மாற்றியது என்பதை நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுகிறது. அறைக்குள்ளேயே அமைந்த கழிப்பிடம் தீட்டுக் கருத்தோடு மோதிய விதம் குறித்து அவர் தரும் பகுதி தமிழ்ச் சமூக வரலாற்றாசிரியர் படிக்கவேண்டியது. தனியாக வந்த இளைஞர்க்கு உணவு விடுதிகள் தேவைப்பட்டன. குடும்பம் அமைந்தபின் பள்ளியும் பசனையும் பாட்டும் தேவைப்பட்டன. 1927இல் தென்னிந்திய பஜன சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் சண்முகானந்த சபை எனத் தொடர்ந்த நிறுவனங்களின் அடியில் மாதச் சம்பளம் பெற்ற எழுத்தர்களின் சந்தாத் தொகை கிடக்கிறது.

ஆவாரையும் சுண்ணாம்பும்

தாராவியில் முதல் தோல்பதனிடும் தொழிலகம் 1887இல் அமைந்ததாகக் கூறப்படுகிறது. திருநெல்வேலிப் பகுதித் தமிழ் முசுலீம் வணிகர் இத்தொழிலைத் தொடங்கினர்; தொழிலாளராக வந்தவர்களுள் அப்பகுதியின் ஆதிதிராவிடர் கணிசமானவர். மாகிம் கழிமுகத்தின் சதுப்பு அக்காலத்தில் நகரின் எல்லை. கழிமுகத்திற்கு அப்பால் பாந்திராவில் ஆட்டு மாட்டுத் தொட்டி இருந்தது. பச்சைத்தோலும் நீரும் கிடைத்தன; நாற்றத்தைக் காரணங்காட்டித் தடுப்பார் அருகில் இல்லை. நகரம் விரும்பாதது அனைத்தும் ஒதுக்கப்பட்ட இடத்தில் அத்தொழில் நின்றது.

இதன் நுணுக்கம் விரித்துரைக்கத் தக்கது. உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பும் அழுக்கும் போக்குவர். பின்னர்ச் சுண்ணாம்புக் குழியில் இடுவர், மயிர்க்கால் தளரும். மயிர் களைந்து, உட்புறத்து ஊனை வளைந்த கத்தியால் சீவுவர். ஒரு நூல் ஆழம் கூடினால் தோல் கிழியும். குறைந்தால் ஊன் தங்கி அழுகும். கண்ணைவிட உள்ளங்கையே இங்கு அளவுகோல். சுண்ணாம்பை நீக்கிய பின் ஆவாரம்பட்டைச் சாற்றில், முதலில் மெலிந்ததும் பின்னர்ச் செறிந்ததுமாக, வாரக்கணக்கில் ஊறப்போடுவர். இறுதியில் கடுக்காய்ச் சாறு நிறத்தையும் உறுதியையும் தரும். எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துவர். சாறு எப்போது செறிந்தது, தோல் எப்போது ‘உண்டது’ என்பதை நாவாலும் மூக்காலும் விரலாலும் அறிந்த தொழிலாளி, இவ்வேதியியலை நூலில் படித்தவனல்லன்.

‘கிழக்கிந்தியத் தோல்’ என்று உலகச் சந்தையில் பெயர்பெற்றது சென்னை மாகாணத்தின் இப்பட்டைப் பதனீடுதான். முதல் உலகப்போரில் பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்கு இத்தோல் தேவைப்பட்டதனால் அரசே அவ்வணிகத்தைக் கட்டுப்பாட்டில் கொண்டது. குரோமியப் பதனீட்டை ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் சென்னையில் சோதித்தார். அம்முறை வாரங்களை நாட்களாகச் சுருக்கியது. ஆயினும் பட்டைமுறை நெடுங்காலம் நிலைத்தது. சங்க அகப்பாடல்களில் மடலேறுவோன் சூடும் ஆவிரை மலரின் செடிதான் இத்தொழிலுக்குப் பட்டை தந்தது என்பதைப் பாட்டுரைகள் கூறுவதில்லை; கூறவேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. ஆனால் சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துகையில் தோல் தைப்போரையும் விடாது குறித்தது இங்கு நினைக்கத்தக்கது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. மாதுங்காவின் எழுத்தன் தன் திறனைத் தேர்வு எழுதிப் பெற்றான். தாராவித் தொழிலாளியின் திறனோ, இறந்த விலங்கைத் தொடுவோர் இன்னார் என்று சாதி விதித்ததன் விளைவு. பிறர் தொட மறுத்ததனாலேயே அது அரிய திறனாயிற்று. எனவே ‘அரிய திறன்’ என்னும் சொல்லை இரு தரப்பார்க்கும் ஒரே பொருளில் ஆளுதல் பொருந்தாது. எனினும் தாராவி ஆதிதிராவிடர் அத்தொழிலின் கூலியைக்கொண்டு தமக்கெனக் கோயிலும் சங்கமும் கண்டனர். 1913இல் எழுந்த பிள்ளையார் கோயில் அப்பகுதியின் பழைய கோயில்களுள் ஒன்று. 1924இல் அங்குத் தமிழ்ப்பள்ளி தோன்றியது. மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நிறுவப்படுவதற்கு எட்டாண்டுகள் முன்னதாக இது நிகழ்ந்தது என்பதை ஆண்டுக் கணக்கே காட்டும்.

திறன் பகையானதும் தேய்ந்ததும்

1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ இதழ், பம்பாய் நிறுவனங்களில் பணிபுரிந்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. 1966 ஜூன் 19ஆம் நாள் சிவசேனை தோன்றியது. அதன் தொடக்ககாலச் சினத்திற்கு இலக்கானவருள் முதன்மையானவர் தட்டச்சரும் சுருக்கெழுத்தரும் ஆகிய எழுத்தர் கூட்டத்தினரே. ஒரு நகரம் வேண்டி அழைத்த திறன், அந்நகரத்து மண்ணின் மைந்தர்க்கு வேலை மறுக்கும் தடையாகக் காட்டப்பட்டது. பட்டியல்கள் அலுவலகத்தாரை நோக்கியவை. கல்லும் தடியும் எளிய உணவுவிடுதிகளையும் குடிசைகளையும் எட்டின.

அதன்பின் இரு தொழில்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தேய்ந்தன. 1970களின் தொடக்கத்தில் ஆட்டு மாட்டுத் தொட்டி பாந்திராவிலிருந்து தேவனாருக்கு மாறியது. 1980களில் பதனீட்டுத் தொழிலகங்கள் தாராவியை விட்டு வெளியேறலாயின. பதப்படுத்திய தோலைச் சென்னை உள்ளிட்ட இடங்களிலிருந்து வருவித்துப் பையும் இடைவாரும் தைக்கும் தொழில் மட்டும் அங்கு எஞ்சியது. மகாராட்டிரத்தில் காளை, எருது ஆகியவற்றைக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தபின் அதற்கும் இடர் நேர்ந்தது. மாதுங்காவில் கணிப்பொறி வந்தது. 1955 முதல் தட்டச்சுப்பொறி செய்துவந்த கோத்ரேஜ் நிறுவனம் 2009இல் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. எழுத்தர்களின் மக்கள் பொறியாளராயினர், கணக்காயராயினர். வீட்டு வாடகை உயர உயரச் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவலிக்கும் சென்றனர். கல்யாணிலும் தமிழர் குடியிருப்புகள் பெருகின. தந்தையர் வண்டியில் கடந்துசென்ற ஊர் பிள்ளைகளுக்கு இருப்பிடமாயிற்று.

இலக்கியம் இவர்களை எவ்வாறு பதிவு செய்தது என்பது தனி ஆய்வுக்குரியது. வேலைதேடிப் பம்பாய் சென்ற படித்த இளைஞனை நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ கண்டது. தோல்பதனிடும் தொழிலாளரைத் திண்டுக்கல் களத்தில் டி. செல்வராஜின் ‘தோல்’ கண்டது. 2010இல் வெளிவந்த அந்நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. புதிய மாதவி தாராவியை உள்ளிருந்தே எழுதி வருகிறார். ஆனால் தொழிற்சொற்களும் கைமுறைகளும் நாவலுக்குள் முழுமையாக அடங்குவன அல்ல. பட்டைச் சாற்றின் பதத்தைக் குறிக்கத் தொழிலாளர் வழங்கிய சொற்கள், அவற்றை வழங்கியோர் நாவோடு நிற்கின்றன.

சுருக்கெழுத்தின் நிலை இன்னும் வினோதமானது. ஒவ்வொருவரும் தம் அலுவலகத்தில் அடிக்கடி வரும் தொடர்களுக்குத் தாமே குறுக்கங்களை ஆக்கிக்கொண்டனர். உயிர்க்குறிகள் இடப்பெறாத அக்குறிப்பேடுகளை, எழுதியவரையன்றிப் பிறர் படித்தல் அரிது. மாதுங்காவின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு உயர்மாடங்கள் எழும்போது, பரணிலிருந்து இறங்கும் அவ்வேடுகள் பழைய தாள் விலைக்கு எடையிடப்படுகின்றன.