சொசேஜ் நஞ்சும் தலையிடி ஊசியும்



'பொடொக்ஸ்' என்றதும் நடிகைகளின் முகச் சுருக்கம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். தீராத ஒற்றைத் தலையிடிக்கு வைத்தியர் அதே ஊசியைச் சொன்னால், "ஐயோ, அது நஞ்சல்லவா!" என்று பயந்து விடுகிறோம். நஞ்சுதான். மனிதன் அறிந்த நஞ்சுகளில் மிகக் கொடியது என்று கருதப்படுவதும் அதுவே. அது மருந்தான கதை இருநூறு வருடத்துக்கு மேற்பட்டது.

தென் ஜேர்மனியின் வூர்ட்டம்பேர்க் பகுதியில், 1793இல், வில்ட்பாட் என்ற ஊரில் சொசேஜ் சாப்பிட்ட 13 பேர் நோயுற்றார்கள். 6 பேர் இறந்தார்கள். நெப்போலியன் காலத்துப் போர்களால் நாடு வறுமைப்பட, பழுதான இறைச்சியால் வரும் இத்தகைய மரணங்களும் கூடின. அவற்றை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதியவர் யுஸ்தீனுஸ் கேர்னர் என்ற வைத்தியர். (ஜேர்மானியர் அவரைக் கவிஞராகவே கூடுதலாக அறிவார்கள்.) 1820இல் 76 நோயாளிகளையும், 1822இல் 155 நோயாளிகளையும் பற்றி நூல்கள் வெளியிட்டார். நஞ்சை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். போதாதென்று தானும் சிறிது உட்கொண்டார்! கண்ணீரும் உமிழ்நீரும் வற்றுகின்றன, தசைகள் சோர்கின்றன, ஆனால் புத்தி தெளிவாகவே இருக்கிறது என்பதைக் கவனித்து, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை இது தடுக்கிறது என்று முடிவு செய்தார். மிகச் சிறிய அளவில் கொடுத்தால், அளவுக்கு மீறித் துடிக்கும் நரம்புகளை அடக்கும் மருந்தாகலாம் என்றும் எழுதி வைத்தார். கிருமியால் நோய் வரும் என்பது நிறுவப்படாத காலத்தில் இப்படி எழுதியது என்னைப் பொறுத்தவரை வியப்பான விடயம்.

அந்தக் கிருமி அகப்பட்டது பெல்ஜியத்தில். 1895இல் எல்லெசெல் கிராமத்து மரணச்சடங்கு ஒன்றுக்கு வந்த வாத்தியக்காரர்கள் உப்பிட்ட பன்றி இறைச்சி சாப்பிட்டு நோயுற்றார்கள், மூவர் இறந்தனர். பேராசிரியர் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். சொசேஜுக்கு லத்தீனில் 'போட்டுலுஸ்'. அதிலிருந்துதான் போட்டுலினம் என்ற பெயர் நிலைத்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இதை ஆயுதமாக்க ஆராய்ந்தபோது நஞ்சு தூய்மையாக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ கண் வைத்தியர் அலன் ஸ்கொட் அதை வாங்கி மாறுகண்ணுக்குப் பயன்படுத்தி, 1980இல் முடிவுகளை வெளியிட்டார். 1989இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. கனடாவின் வன்கூவரில், கண்ணிமைத் துடிப்புக்கு ஊசி போட்ட ஒரு பெண் தன் நெற்றிச் சுருக்கம் மறைவதைக் கவனித்துச் சொல்ல, அழகு வைத்தியம் பிறந்தது.

தலையிடிக்கு வழி காட்டியவர்களும் நோயாளிகள்தான். 1990களின் தொடக்கத்தில், சுருக்கம் போக்க ஊசி போட்ட சிலர், "தலையிடியும் குறைந்து விட்டதே" என்று கலிபோர்னிய வைத்தியர் வில்லியம் பைண்டரிடம் சொன்னார்கள். அவர் அதைத் தட்டிக் கழிக்காமல் தகவல் திரட்டி 2000இல் வெளியிட்டார்.

தசை இறுக்கம் தளர்வதால் நோவு குறைகிறது என்றே முதலில் நினைத்தார்கள். அப்படியானால் இறுக்கத்தால் வருவதாகச் சொல்லப்படும் தலையிடிக்கு அல்லவா கூடுதல் பலன் வேண்டும்? பரிசோதனையில் அதற்கும், எப்போதாவது வரும் ஒற்றைத் தலையிடிக்கும் இது வெறும் உப்புநீர் ஊசியை வெல்லவில்லை. முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் நரம்பின் நுனிகள் வலியைத் தூண்டும் இரசாயனங்களை வெளிவிடுகின்றன. நஞ்சு அந்த வாசலை அடைக்கிறது என்பதே இப்போதைய விளக்கம்.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடியால் வருந்தும் 1384 பேரிடம் நடந்த இரு பெரிய ஆய்வுகள் 2010இல் வெளிவந்தன. 24 வாரத்தில், மருந்து பெற்றவர்களுக்கு மாதத்தில் 8.4 நாட்கள் குறைந்தன. உப்புநீர் பெற்றவர்களுக்கும் 6.6 நாட்கள் குறைந்தன! வித்தியாசம் இரண்டு நாளுக்கும் குறைவு. அற்புதம் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ஆனாலும் மாதத்தில் இருபது நாள் இருட்டறையில் கிடப்பவருக்கு அந்த இரண்டு நாள் சிறிதல்ல.

அந்த ஆண்டு யூலையில் பிரித்தானியாவும் ஒக்டோபரில் அமெரிக்காவும் அனுமதித்தன. அமெரிக்க அனுமதிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அனுமதியில்லாத நோய்களுக்கு, தலையிடி உட்பட, மருந்தை விளம்பரப்படுத்திய வழக்கில் அலர்கன் நிறுவனம் 60 கோடி டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது. மருந்து பயன்பட்டது என்பதால் அந்த அவசரம் நியாயமாகி விடாது.

நெற்றி, கன்னப்பொறி, பின்தலை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில், 12 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடுவார்கள். மொத்த நஞ்சு ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூட வராது. கழுத்து நோவு, இமை சரிவு சிலருக்கு வரலாம். முகத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வரும் நரம்பு வலிக்கும் சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அதற்கு அமெரிக்க அனுமதி இல்லை.

பிரித்தானியாவில் 2012 முதல், குறைந்தது மூன்று தடுப்பு மருந்துகள் பலிக்காதவர்களுக்கே இதை அரச செலவில் தருகிறார்கள். மாதத்தில் எத்தனை நாள் தலையிடி என்பதுதான் அங்கே முதல் கேள்வி. வைத்தியரிடம் போகுமுன் கலண்டரில் அந்த நாட்களைக் குறித்துக் கொண்டு போங்கள்.