விதைக் குலுக்கையும் டேப் மாத்துற கையும்

மல்லாங்கிணறுல எங்க அப்பத்தா வீட்டு மூலையில ஆள் உசரத்துக்கு ஒரு மண் குலுக்கை நின்னுச்சு. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அதுல விதைக்குன்னு எடுத்து வச்ச கம்பு, சோளத்துல யாரும் கை வைக்கக் கூடாது. வானம் பார்த்த பூமி. ஒரு வெள்ளாமை பொய்ச்சா மறுபடி விதைக்க ஏதாச்சும் வேணும்ல?

இதைத்தான் பேக்கப்னு சொல்றாங்கன்னு எனக்குப் புரிஞ்சது முதல் வேலையில. சின்ன கம்பெனி. தினமும் சாயங்காலம் சர்வர்ல டேப் மாத்துறது என் பொறுப்பு. ஒரு பொங்கலுக்குக் கூட ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்கு வந்துட்டேன். யாரும் டேப்பை மாத்தலை. திரும்பிப் போன அன்னைக்கே டிஸ்க் காலி. இடையில போட்ட கணக்கெல்லாம் அம்போ. வாங்கின திட்டுல, டேப்பை மாத்த ஒரு மெஷின் இருக்கக் கூடாதான்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை.

கம்ப்யூட்டருக்கு டேப் வந்தது பழைய சங்கதி. ஐபிஎம் 726 வெளியானது 1952ல். ரொம்ப வருசம் ஆள்தான் டேப்பை மாட்டிக் கழட்டணும். 1974ல் ஐபிஎம் 3850, 1987ல் ஸ்டோரேஜ்டெக்கின் பெரிய ரோபோ எல்லாம் வந்தாலும் அதெல்லாம் யானை கட்டித் தீனி போடுறவங்களுக்கு. அப்புறம் வந்ததுதான் ஆட்டோலோடர்: சின்னப் பெட்டி, ஒரு டிரைவ், சில டேப், அதை மாத்த ஒரு இயந்திரக் கை.

இங்கதான் சிக்கல். யுனிக்ஸுக்கு டேப் டிரைவ்னா ஒரு ஃபைல் மாதிரி. படிக்கலாம், எழுதலாம். ஆனா இந்தக் கை படிக்கவும் செய்யாது, எழுதவும் செய்யாது. எடுத்து வைக்கும், அவ்வளவுதான். அதை ஆபரேட்டிங் சிஸ்டம் என்னன்னு எடுத்துக்கும்? 1994ல் வந்த ஸ்கஸி-2 தரம் இதைத் தனிச் சாதன வகையாவே வச்சுது. கை, அடுக்கு, டிரைவ், டேப் போட்டு எடுக்குற வாசல்னு நாலே உறுப்பு. முக்கியமான கட்டளை ரெண்டு: "இதை எடுத்து அங்க வை", "எங்க எது இருக்குன்னு சொல்லு".

தரம் எழுதியாச்சு, டிரைவர் யார் எழுதுறது? நெட்பிஎஸ்டியில ஜேசன் தார்ப் எழுதினார். அது ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டிக்கும் போச்சு. லினக்ஸுக்கு கெர்ட் க்நோர் 1996லயே ஆரம்பிச்ச டிரைவர், கெர்னலுக்குள்ள சேர்ந்தது 2005லதான். அதுவரைக்கும் சும்மா இருந்தாங்களா? லெனார்ட் சப்காஃப் எம்டிஎக்ஸ்னு ஒரு குட்டி நிரல் எழுதியிருந்தார். தனி டிரைவரே வேணாம். ஸ்கஸி சாதனம் எல்லாத்துக்கும் பொதுவா இருக்குற வழியில போய் கைக்கு நேரா உத்தரவு போடும். "லோட் 3"ன்னா மூணாவது டேப் டிரைவுக்குள்ள. அமாண்டா, பாகுலா மாதிரி பேக்கப் நிரல்களும் இதை வேலைக்கு வச்சுக்கிச்சு. சப்காஃப் 2002ல் அலாஸ்காவுல ஹெலிகாப்டர் விபத்துல இறந்துட்டார். எம்டிஎக்ஸை மத்தவங்க தொடர்ந்து காப்பாத்துனாங்க. விதை கை மாறின மாதிரி.

டேப் செத்துப் போச்சுன்னு நினைக்கிறவங்களுக்கு: 2011ல் கொஞ்சம் பேரோட ஜிமெயில் பெட்டி காலியானப்ப கூகிள் மெயிலை மீட்டது டேப்புல இருந்துதான்.

மாத்துற கை வந்தாச்சு. ஆனா அந்த டேப்பைத் திருப்பிப் படிச்சா தகவல் வருதான்னு பார்க்குற புத்தி மனுசன்கிட்டதான் இருக்கணும். அப்பத்தா விதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில முடிஞ்சு வச்சு, முளை விடுதான்னு பார்க்கும். விடலைன்னா அது விதை இல்ல, வெறும் தானியம்.

டிஸ்கி: உங்க பழைய பதிவையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க? 2009ல் ஜியோசிட்டீஸை மூடினப்ப என் பக்கம் போச்சு மக்கா. இன்னைக்கே ஒரு பிரதி எடுத்து, திறந்தும் பார்த்துருங்க.