சிறு படிப்புக்கு மதிப்பு உண்டா?

ஒருவன் என்ன கற்றான் என்று உலகம் கேட்பதில்லை. எங்கே கற்றான், எத்தனை வருஷம் கற்றான், எவரிடம் கற்றான் என்றே கேட்கிறது. நம்மவரிடத்திலோ இம்மூன்றுக்கும் முன்னதாக, எக்குலத்திற் பிறந்தான் என்ற கேள்வியும் நெடுங்காலம் இருந்து வந்தது. குலக் கேள்வி இன்று வெளிப்படையாகக் கேட்கப்படாவிடினும், மற்றக் கேள்விகள் அதன் வேலையைச் செய்தே வருகின்றன. சிறு பாடங்களையும் அவற்றிற்குரிய சிறு சான்றிதழ்களையும் சர்வகலாசாலைகள் ஏற்கலாமா என்று இன்று நடைபெறும் விவாதத்தை இச்சரித்திரத்தோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

விவாதம் புதிதன்று. 1858இல் லண்டன் சர்வகலாசாலை, கல்லூரியிலிருந்து படிக்காதவரும் தன் பரீட்சைகளை எழுதலாமென்று கதவைத் திறந்தது. எங்கே கற்றாய் என்ற கேள்வி அன்று சற்றே தளர்ந்தது. தமிழ்நாட்டில் 1880இல் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவரிடம் சர்வகலாசாலைப் பட்டம் ஒன்றுமில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட புலமையே இருந்தது. 1932இல் சென்னைச் சர்வகலாசாலையே அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. பட்டமில்லாப் புலமைக்கு மதிப்புண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அவ்வாசல் திறந்தது தியாகராச செட்டியாரின் சிபாரிசினால். சிபாரிசுக்கு ஆளில்லாத எத்தனை பேரின் புலமை திண்ணையிலேயே மடிந்ததோ! திண்ணையிலேறவும் உரிமை பெறாத மக்களின் கதி என்ன?

அம்மக்களிற் பலர் பிழைப்பைத் தேடி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். ஐக்கிய மலாய் நாடுகளின் 1912ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் கடமையை முதலாளிகள்மேல் சுமத்தியது. பள்ளி வந்தது, ஆனால் அப்படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. 1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில்தான் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்து சுயமரியாதைப் பிரசாரம் செய்தார். கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறமேற விட்டு உலர்த்தும் பக்குவத்தை வாசனையாலேயே அறியும் தொழிலாளரை நாம் தானா ராத்தாவில் கண்டிருக்கிறோம். நாம் எழுதும் செக்ரோலில் அவர்களுடைய பெயருண்டு, நாளுண்டு, எடையுண்டு; அறிவுக்கென்று ஒரு கட்டமில்லை.

சிபாரிசு விதியாக மாறத் தொடங்கியது பிற்காலத்தில்தான். 1971இல் பினாங்கிலுள்ள சயின்ஸ் மலேசியா சர்வகலாசாலை தொலைவுக் கல்வியைத் தொடங்கியது. 2007இல் 679ஆம் சட்டத்தினால் எம்.கியூ.ஏ. என்னும் தகுதி ஆய்வு நிறுவனம் ஏற்பட்டது. அனுபவத்தாற் பெற்ற அறிவைச் சோதித்து மதிப்பளிக்கும் ‘ஏப்பல்’ முறை பின்னர் வந்தது. அதன்படி 21 வயது நிரம்பியவர், தக்க தொழில் அனுபவத்தைக் காட்டிச் சோதனையில் தேறினால், பள்ளிச் சான்றிதழ் குறைவாயிருப்பினும் இளங்கலைப் படிப்பிற் சேரலாம். 2016இல் இணைய வழிப் பொதுப் பாடங்களுக்கும், 2020இல் சிறு சான்றிதழ்களுக்கும் வழிகாட்டு விதிகள் வகுக்கப்பட்டன.

சிறு படிப்பு ஆழமற்றது என்று மேதாவிகள் சொல்லக்கூடும். கணக்கைப் பார்ப்போம். மலேசிய விதிப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கல்வி. இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட். 3 கிரெடிட் பெறும் சிறு பாடம் 120 மணி நேரமாகும். வேலை முடிந்தபின் இரவில் இரண்டு மணி படிப்பவனுக்கு அது 60 இரவு. பகலெல்லாம் வகுப்பில் இருந்தவனின் 120 மணியைவிட இந்த 120 மணி எவ்வகையில் தாழ்ந்தது? அளவு ஒன்றே, பரீட்சையும் ஒரே தரமாயிருக்கட்டும். மூன்று நாட் கூட்டத்தில் உட்கார வைத்துக் காகிதத்தை விற்கும் வியாபாரத்திற்கு நாம் பரிந்து பேசவில்லை. உழைத்துக் கற்றவனையும் அக்கூட்டத்தோடு சேர்த்துத் தள்ளுவதையே கண்டிக்கிறோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. செல்வர் பிள்ளைக்கு முழுப் பட்டம், தொழிலாளி பிள்ளைக்குத் துண்டுச் சான்றிதழ் என்று வழக்கம் ஏற்பட்டுவிட்டால், அது புதிய வருணாசிரமமேயன்றி வேறன்று. ஒரு சர்வகலாசாலை அளித்த சான்றிதழை மற்றொன்று ஏற்பது அதன் தயவைப் பொறுத்ததாயின், நாம் மறுபடியும் சிபாரிசுக் காலத்திற்கே திரும்பியவராவோம். ஆகவே, சிறு சான்றிதழ்கள் ஒன்றன்மேலொன்றாகச் சேர்ந்து பட்டத்தில் முடிய வேண்டும்; எந்தச் சர்வகலாசாலையும் அவற்றைத் தக்க காரணமின்றித் தள்ளக்கூடாது; அவை சம்பளத்திலும் பதவியிலும் கணக்கிடப்பட வேண்டும். இவற்றை நாம் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்கிறோம். தொழிலாளத் தோழர்களும் கற்றதைச் சோதனைக்கு வைக்கக் கூசாது முன்வர வேண்டும். செக்ரோலில் இல்லாத அந்தக் கட்டம் அப்போதுதான் ஏற்படும்.