முதலைத் தபால் தலை

அம்பத்தூரில் எங்கள் பெரியப்பா வீட்டு மர பீரோவில் ஒரு தபால் தலை ஆல்பம் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் முழுவதும் ஊர்வன. ஸேஷல்ஸ் தீவு 1938-இல் வெளியிட்ட ராட்சத ஆமை, கேமன் தீவுகளின் கடலாமை. இவற்றுக்கு நடுவே, தனி மரியாதையோடு, ஒரு முதலை. வட போர்னியோவின் 12 சென்ட் தலை, 1894-ஆம் வருஷத்தது.

"எங்க சின்னத் தாத்தா போட்ட கடுதாசியிலே வந்ததுடா இது" என்பார் பெரியப்பா. 1912 வாக்கில் பூந்தமல்லியிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறியவர் அந்தச் சின்னத் தாத்தா. திரும்பவே இல்லை. கடிதம் எப்போதோ தொலைந்துவிட்டது. அவர் உயிரோடு கரை சேர்ந்தார் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் உள்ள ஒரே சாட்சி இந்த முதலைதான்.

கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுதிவிடலாமென்று சரித்திரத்தைப் புரட்டினேன். புரட்டாமல் இருந்திருக்கலாம்.

வட போர்னியோவை ஆண்டது ராஜாவுமல்ல, ராணியுமல்ல, ஒரு கம்பெனி. 1881-இல் பிரிட்டிஷ் சாசனம் பெற்ற கம்பெனி அது. 1946 வரை அதன் ராஜ்யம்தான். நம் நாட்டில் அந்நாளில் தபால் தலை என்றால் விக்டோரியா மகாராணியின் முகம். வேறு பேச்சே கிடையாது. (வெள்ளையர் காலத் தலைகளில் நம் பாம்புகளுக்கு இடமே கிடைக்கவில்லை. 2003-இல்தான் நான்கு பாம்புகள் ஒருமிக்க வந்து சேர்ந்தன!) அந்தக் கம்பெனியோ மான், மயிலினப் பறவை, முதலை என்று லண்டனில் இரட்டை வர்ணத்தில் அச்சடித்துத் தள்ளியது. அதே முதலையின் மேல் 'லபுவான்' என்று பெயர் குத்திப் பக்கத்துத் தீவுக்கும் அனுப்பியது. காட்டு ஜனங்கள் அத்தனை கடிதம் எழுதினார்களா என்றால், இல்லை. தலை சேகரிப்பவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அவர்களிடம் காசு இருந்தது.

விற்காமல் தங்கிய தலைகளைக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தபாலில் சேர்க்காமலே அவற்றின்மீது பட்டைக் கோடுகளால் முத்திரை குத்தி, வியாபாரிகளுக்கு மலிவாகத் தள்ளிவிட்டது. அத்தகைய முத்திரையில் ஊர் இராது, தேதி இராது. கடிதத்தில் ஒட்டப்படாததால், பின்புறத்துப் பசைகூடப் பல தலைகளில் அப்படியே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தூங்கும்போது பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலையின் மூலையில் கறுப்புப் பட்டைகள். புரட்டினேன். பசை மங்காமல் இருந்தது. போதாக்குறைக்கு, 1909-லேயே 12 சென்ட் தலையில் முதலை போய் இருவாட்சிப் பறவை வந்துவிட்டது. இந்த முதலை எந்தக் கடிதத்திலும் பிரயாணம் செய்ததில்லை.

அவர் விழித்ததும் மெல்லக் கேட்டேன்: "பெரியப்பா, இதை உங்களுக்கு யார் கொடுத்தாங்க?"

"எங்க தாத்தாதான். பாவம், பிள்ளை என்ன ஆனானோன்னு அவரோட அம்மா சோறு தண்ணி இல்லாம கிடந்தாளாம். ஒருநாள் பட்டணம் போய்வந்தவர், 'தம்பிகிட்டேருந்து கடுதாசி வந்துது, பார்'னு இதைக் காட்டினாராம். அப்புறந்தான் கிழவி சாப்பிட்டாளாம்."

பட்டணத்தில், மூர் மார்க்கெட் பக்கம், ஓரணாவுக்கோ இரண்டணாவுக்கோ வாங்கியிருப்பார்.

"ஏண்டா, அதிலே என்ன பார்த்தே?" என்றார் பெரியப்பா.

"பல்லெல்லாம் தெரியுதான்னு பார்த்தேன்" என்றேன். அவரும் பார்க்க வேண்டுமென்று பூதக்கண்ணாடிக்குக் கை நீட்டினார்.