நரிக்குறவருக்கு வீட்டுமனை: இடம் எங்கே?

திருத்தணி ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் நரிக்குறவரிடம் பாசிமணி வாங்குபவர்கள், இரவில் அவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று யோசிப்பதில்லை.

வாக்ரிபோலி பேசும் இம்மக்கள் வேட்டையாடி ஊர் ஊராகத் திரிந்தவர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குற்றமாகிவிட்டது. மிஞ்சியது மணி வியாபாரம். அதற்கு ஜனம் கூடும் ஊரை ஒட்டித் தங்க வேண்டும். அங்கேதான் நிலத்துக்கு விலை அதிகம்!

வீட்டுமனைப் பட்டா தருவது ஊராட்சி அல்ல, வருவாய்த்துறை. வி.ஏ.ஓ. புறம்போக்கு தேட வேண்டும். நத்தம் என்றால் சிக்கல் இல்லை, ஆனால் காலியாக இருப்பது அபூர்வம். ஏரி, குளம் தரக்கூடாது. மேய்க்கால் என்றால் வகைமாற்றம் செய்ய வேண்டும். அதற்கு ஊராட்சித் தீர்மானம் கேட்பார்கள். பக்கத்துத் தெருவுக்குப் பிடிக்காவிட்டால் தீர்மானம் வந்த மாதிரிதான்... கடைசியில் ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில் சில சென்ட் கிடைக்கும்.

இங்கிலாந்தில் ஜிப்சிகளுக்கு இடம் ஒதுக்குவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது 1968 சட்டம். 1994-ல் அந்தக் கடமையையே நீக்கிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2008-ல் நரிக்குறவர் நலவாரியம் வந்தது. 2021 தீபாவளியன்று மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு முதல்வர் ஸ்டாலினே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். கோயில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவப் பெண் விரட்டப்பட்ட செய்தி பரவிய பிறகுதான் அது நடந்தது. பழங்குடியினர் பட்டியலில் இவர்களைச் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்.