போகவந்தலாவைக் கல்லறையும் காமன் பொட்டலும்

அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் போகவந்தலாவைக்குச் செல்பவர்கள், அங்குள்ள புனித மரியாள் தேவாலய வளவில் ஒரு கல்லறையைக் காணலாம். அதில் உறங்குபவர் ஜூலியா மார்கரெட் கமரன். புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த அம்மையாரை விட்டுவிட்டு எழுத இயலாது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆம் வயதில் மகள் பரிசாகத் தந்த கேமராவைக் கையிலெடுத்து, டார்வின், டென்னிசன், ஹெர்ஷல் முதலிய பேரறிஞர்களின் முகங்களை உலகுக்கு விட்டுச் சென்றவர். இவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கமரன் வேறு யாருமல்லர். இலங்கை வரலாற்றைப் பள்ளியில் படித்தோர் மறக்கவியலாத கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன்தான். அவருக்கு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் தம்பதியர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். 1879 ஜனவரி 26ஆம் நாள் அம்மையார் காலமானார். மரணப் படுக்கையில் அவர் சொன்ன கடைசிச் சொல் 'அழகு' என்பதே என்று, அவருடைய தங்கையின் பேத்தியும் புகழ்பெற்ற நாவலாசிரியருமான வர்ஜீனியா வூல்ஃப் 1926இல் எழுதினார். குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்த கதையாக இருக்கலாம். ஆயினும் வாழ்நாள் முழுவதும் அழகைத் தேடியவரின் இறுதிச் சொல்லாக அது பொருந்துகிறது.

அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இருப்போர் பெரும்பாலும் சாதாரணக் குடிமக்களும் தோட்டத் தொழிலாளரும். நேராகப் பார்க்கும் கண்கள், களைத்த தோள்கள், அழுத்தமான உதடுகள். மிக நல்ல படங்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இங்கிலாந்தில் அவர் எடுத்த மனிதர்களுக்குப் பெயர் இருந்தது. இங்கே எடுத்தவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை.

அந்த ஆண்டுகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து உயிர் பிழைக்க வேண்டி மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடு வழியே நடந்து மலைநாடு சேர்ந்தனர். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர் பலர். 1869இல் கண்டறியப்பட்ட இலைநோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை மெல்லத் தலையெடுத்துக்கொண்டிருந்தது. இந்த இரு பயிர்களுக்கும் இடையில் வந்து சேர்ந்த மனிதர்களே அந்தப் படங்களில் நிற்போரின் உறவினர்.

பிற்காலத்தில் இதே முகங்கள் வேறொரு வகையில் உலகெங்கும் போயின. 1932இல் தேயிலைப் பிரசார சபை அமைந்த பின், கூடை சுமந்து புன்னகைக்கும் கொழுந்துப் பெண் தேயிலைக்கு விளம்பரமானாள். இன்றும் நுவரெலியாவுக்கு வரும் சுற்றுலாப் பயணி வண்டியை நிறுத்திப் படமெடுப்பது அவளைத்தான். மலைநாட்டின் அழகு பற்றி எழுதப்பட்டவை யாவும் பார்க்க வந்தவர்கள் எழுதியவை என்று சொன்னால் மிகையாகாது. பார்க்கப்பட்டவர்கள் எதை அழகென்று கண்டார்கள் என்பதை வெகு சிலரே கேட்டனர். அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள விடை, காமன் கூத்து.

காமன் வழிபாடு தமிழருக்குப் புதிதன்று. புகார் நகரில் காமவேள் கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. காளிதாசன் குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கம் முழுவதையும் இரதியின் புலம்பலுக்கே ஒதுக்கினான். ஆனால் மலைநாட்டுத் தொழிலாளி காளிதாசனைப் படித்து வந்தவன் அல்லன். தன் ஊரில் மாசி மாதம் ஆடிய கூத்தை நெஞ்சில் சுமந்து வந்தவன். பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் அப்படி வந்தவையே. எனினும் காமன் கூத்துப் போல வேறெதுவும் மலையக மண்ணில் வேர்பிடிக்கவில்லை.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்று முதல் பௌர்ணமி வரை தோட்டமே விரதம் காக்கும். வேடம் கட்டுவோர்க்கு விரதம் இன்னும் கடுமையானது. பகலெல்லாம் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியும் முள்ளுக் குத்தியும் உழைத்த ஆண்கள், இரவில் பனிக்குளிரில் பயிற்சி செய்வர். இரதியும் மதனும் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து லயம் லயமாகச் சென்று ஒவ்வொரு வாசலிலும் ஆடுவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் வெள்ளைக்காரன் கட்டிய அந்தக் காம்பிராவின் வாசல், அன்று பெருக்கித் தெளித்துக் கோலமிடப்பட்டிருக்கும். தெய்வமே வாசலுக்கு வந்து ஆடுகிறதல்லவா? கடைசி இரவில் கதை விடிய விடிய நடக்கும். திருமணம், தக்கன் யாகம், வீரபத்திரன் வருகை (சிறுவர்கள் தாயின் முந்தானையைத் தேடும் நேரம் இது), பின்னர் சிவனின் தவத்தைக் கலைக்க மதன் புறப்படுதல், எரிதல், இரதியின் புலம்பல்.

மதன் புறப்படும் இடத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மேலிடத்து ஆணை வருகிறது. போனவன் திரும்பமாட்டான் என்பது மனைவிக்குத் தெரிகிறது. கெட்ட கனவு கண்டேன், போகாதீர் என்று மன்றாடுகிறாள். ஆணையை மீறுவது எப்படி என்கிறான் அவன். இந்த வாதம் சில தோட்டங்களில் மணிக்கணக்காக நீளும், கூட்டம் அசையாது. கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியோரின் பிள்ளைகளுக்கு இது வெறும் புராணமாக இருந்திருக்க முடியாது. இரதி வேடம் கட்டுபவர் ஆண்; அவர் பாடும் புலம்பலோ பெண்களின் ஒப்பாரி மெட்டு. இழவு வீடுகளில் தாயும் பாட்டியும் பாடக் கேட்டே அவர் அதைக் கற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இங்கே தப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்புதான். சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி 1954இல் வெளிவந்த 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்ற நெடுங்கவிதை அந்த ஒலியோடுதான் தொடங்குகிறது. பகலில் துரையின் கடிகாரமாக ஒலித்த அதே தோற்கருவி, மாசி இரவுகளில் தொழிலாளரின் உடைமையாயிற்று. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. தப்படித்தோரைச் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்த ஊர் வழக்கமும் அதே கப்பலில்தான் வந்தது. இரவெல்லாம் அவர்கள் தப்பில் மயங்கிய கூட்டம் விடிந்ததும் அவர்களைத் தள்ளி நிறுத்தியது. இனித் தப்பைத் தொடமாட்டோம் என்று பிற்காலத்து இளைஞர் சிலர் சொன்னபோது, கலை அழிகிறதே என்று அங்கலாய்த்தவர்களுக்கு அந்த உரிமை இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

சி.வி.யை வெறும் கவிஞராக மட்டும் கொள்வது தவறு. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. தொழிற்சங்க வேலையாக லயங்களுக்குச் சென்றவர், அங்கே கேட்ட தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் எழுதி வைத்தார். அவர் 1984இல் மறைந்த பின் அத்தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக வந்தது. அவருக்கு முன்பே, கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் உரிமைப் பாடல்களை இயற்றித் தோட்டந்தோட்டமாகப் பாடினார். பாட்டு இருக்கும் இடத்தில்தான் கூட்டம் நிற்கும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்தது. அந்த எண்ணிக்கையைப் பத்திரிகைகள் பலமுறை அச்சிட்டன. அதற்குள் எத்தனை இரதிகள், எத்தனை மதன்கள், எத்தனை தப்புக்காரர்கள் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. ஒரு கூத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும். பாட்டு முழுவதும் தெரிந்த வாத்தியார் ஒருவர் போய்விட்டாலும் தோட்டத்தில் கூத்து நின்றுபோகும். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கும் அதுவே தலைப்பு.

ஆயினும் கூத்து முற்றாக மறையவில்லை. 2023இல் மலையகத் தமிழர் தம் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அட்டன், தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் மாசி பிறந்தால் இன்னமும் கம்பம் ஊன்றுகிறார்கள். இளைஞர்கள் பலர் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் போய்விட்டதால், இரவுதோறும் பயிற்சி என்பது பல இடங்களில் இயலாததாகிவிட்டது. ஒரு வசதி மட்டும் உண்டு. இலங்கையில் எல்லாப் பௌர்ணமியும் போயா விடுமுறை. மதன் எரியும் இரவுக்குக் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்துவிடலாம்.